அரசு ஆவணப்படி எனக்கு ஒரு மச்சம்

அரசு ஆவணங்களின்படி எனக்கு இடது முன்கையில் ஒரு கருப்பு மச்சம் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கிறது. டி.சி.யில் இருக்கிறது. பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில், மேலதிகாரி கையெழுத்தோடும் ரப்பர் ஸ்டாம்போடும் இருக்கிறது. கையில்தான் இல்லை.

அந்த மச்சம் பிறந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். 1980 ஜனவரி, பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடு. அது எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேனாவைச் சொன்னால் பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் முடியாது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டு நடுவில் ஒரு உயர்நிலைப் பள்ளி. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம்; தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். பத்தாம் வகுப்பில் இரண்டு பிரிவு. 'அ' பிரிவுக்கு ஓட்டுக் கட்டடம், 'ஆ' பிரிவுக்கு வேப்பமரம். நான் வேப்பமரம். மரத்தடியில் படித்தோம் என்று சொன்னதும் உடனே தாகூரையும் சாந்திநிகேதனையும் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாந்திநிகேதனில் காக்கைகள் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மரத்துக் காக்கைகள் முதல் மார்க் வாங்குகிறவன், கடைசி மார்க் வாங்குகிறவன் என்று பேதம் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் கரிசலில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்த மண் செருப்பை விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பிடி மண் அடியில் சேரும். வீட்டில் இருந்து கிளம்பும்போது நாலே முக்கால் அடியாக இருந்தவன், பள்ளிக்கூடம் வந்து சேரும்போது ஐந்தடியாக இருப்பான். வாசலில் கிடந்த கல்லில் செருப்பைத் தேய்த்து எல்லோரும் பழைய உயரத்துக்கு இறங்கி உள்ளே போவோம். கார்த்திகை மாசத்தில் அந்தக் கல்லைச் சுற்றிச் சின்னதாக ஒரு மலையே உருவாகிவிடும்.

பள்ளி நினைவுகளை எழுதுகிறவர்கள் எல்லோரும் தேன்மிட்டாய், இலந்தை வடை, சேமியா ஐஸ் என்று வாயில் எச்சில் ஊற எழுதுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் யார் காசு கொடுத்தார்கள் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. எனக்கு வாரத்துக்கு ஐந்து பைசா. அது மைக்குப் போய்விடும்.

பந்துமுனைப் பேனாவில் எழுதினால் கையெழுத்து கெட்டுவிடும் என்று எங்கள் பள்ளியில் தடை. நிப் பேனாதான். பெட்டிக்கடையில் ஐந்து பைசா கொடுத்தால் கடைக்காரத் தாத்தா ஃபில்லரால் பேனா நிறைய மை அடைத்துக் கொடுப்பார். 'நிறைய' என்பதில் அவருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. திங்கட்கிழமை அடைத்த மை புதன்கிழமை வரும்போது தீர்ந்துவிடும். அப்புறம் கடன்தான். கடன் கொடுப்பவன் தன் பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, வாங்குபவனின் குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக விடுவான். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுவார்கள்.

"அஞ்சு, ஆறு, ஏழு... லே, இது பெரிய சொட்டு. ரெண்டா வச்சுக்கிடு."

"அதெப்படிலே? ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான்."

"அப்ப பேனாவைத் திருப்பு, எடுத்துக்கிடுதேன்."

இந்தக் கணக்கு ராஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். நான் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் நாலு பேருக்கு மொத்தம் 63 சொட்டு பாக்கி. பிற்காலத்தில் வீட்டுக்கடன், பைக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் வாங்கினேன். ஒன்றும் அந்த 63 சொட்டு மாதிரி தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

நாலு பேரிடம் கடன் வாங்கியதில் இன்னொரு விளைவும் உண்டு. ஒருவனுடையது ராயல் ப்ளூ. ஒருவனுடையது கருப்பு. மூன்றாமவன் மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தான், அது ஊதா. நாலாமவன் வைத்திருந்தது என்ன நிறம் என்று அவனுக்கே தெரியாது. எல்லாம் என் பேனாவுக்குள் கலந்து, எண்ணெயில் சுண்ட வதங்கின கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் ஒரு கரும் மை உருவாகியிருந்தது. உலகத்தில் வேறு எவனிடமும் இல்லாத மை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மை அதிகமாகச் செலவானது இம்போசிஷனுக்கு. அதில் அரசாங்கம் எனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தது. 1978 அக்டோபரில், நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணை போட்டது. மொத்தம் 13 எழுத்து மாறியது. அதுவரை லை, ளை, னை, ணை நான்கும் முன்னால் யானை மாதிரி தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆணை வந்ததும் தும்பிக்கை போய்விட்டது. 'நாளை முதல் பிழையில்லாமல் எழுதுவேன்' என்று நூறு தடவை எழுத வேண்டியவனுக்கு நூறு தும்பிக்கை மிச்சம் என்றால், மையில் அது எத்தனை சொட்டு என்று யோசித்துப் பாருங்கள்.

கஷ்டம் தமிழய்யாவுக்குத்தான். ஆறாம் வகுப்பில் இருந்து தும்பிக்கை சரியாகச் சுழியவில்லை என்று எங்கள் முட்டியில் அடித்தவர் அவர். இப்போது தும்பிக்கை போட்டால் அடிக்க வேண்டும்.

"பெரியார் 1935-லேயே குடி அரசுல இப்படித்தாம்லே அச்சடிச்சாரு. அப்பவே மாத்தியிருந்தா நான் ஒழுங்காப் படிச்சிருப்பேன். இருபது வருசமா இந்தச் சுழியைச் சொல்லிக் குடுத்தே என் விரல் வளைஞ்சு போச்சு" என்றார் ஒரு நாள், உண்மையான துக்கத்தோடு. கரும்பலகையில் 'யானை' என்று எழுதப் போனவர், னைக்கு வழக்கம்போல் தும்பிக்கையைத் தூக்கி, பாதியில் ஞாபகம் வந்து, துண்டால் துடைத்து, மறுபடி எழுதினார். வகுப்பே சிரித்தது. தமிழ்நாட்டில் வேறு எந்த யானைக்கும் அப்படி ஒரு சங்கடம் வந்திருக்காது. எனக்கோ அண்ணன் படித்த பழைய புத்தகங்கள்தான். படிப்பது தும்பிக்கையோடு, எழுதுவது தும்பிக்கை இல்லாமல்.

அண்ணன் என்றதும் ஞாபகம் வருகிறது. அவன் படித்தது பழைய பதினோரு வருஷ எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்து, மேலே பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று வந்துவிட்டது. அவன் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "உன்னுது பத்து வருசச் சரக்கு" என்பான், ஏதோ கருப்பட்டியின் தரத்தைச் சொல்வதுபோல. சமீபத்தில் பேரன் காதுகுத்தில்கூடச் சொன்னான். அப்பாவுக்குப் புது ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு வருஷ நோட்டுச் செலவு மிச்சம்.

பத்தாம் வகுப்பில் படிக்காமல் இருக்க எனக்குக் கிடைத்த ஒரே கௌரவமான காரணம் ஸ்கைலாப். 77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம். அது பூமியில் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1979 ஜூலை இரண்டாம் வாரம் ஊரே மேலே பார்த்தபடி நடந்தது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் கோழி அடித்தார்கள், போகிற உயிர் வயிறு நிறையப் போகட்டும் என்று. ஸ்கைலாப் புதன்கிழமை ராத்திரி விழும் என்று ரேடியோவில் கேட்டவர்கள் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை எங்களுக்குக் கணக்கு டெஸ்ட், மடக்கை. கிளார்க் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்த எங்களுக்கு அந்த 77 டன்னும் வானத்தில் இருந்து வரும் அனுகூலமாகவே தெரிந்தது. மனிதர்கள் யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டாம், வேப்பமரத்தடியில் மட்டும் விழுந்தால் போதும், அதுவும் ராத்திரி ஆள் இல்லாதபோது என்று முருகனிடம் மிகவும் நியாயமாகத்தான் வேண்டினோம்.

அது ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது. அங்கே எந்தப் பையனுக்கு வியாழக்கிழமை டெஸ்ட்டோ, கொடுத்து வைத்தவன். எஸ்பரன்ஸ் என்ற ஊர்க்காரர்கள், எங்கள் ஊரில் குப்பை போட்டீர்கள் என்று நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டார்களாம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கிளாஸ் சார்தான் ஞாபகம் வந்தார். மரத்தடியில் காகிதம் போட்டால் ஐந்து பைசா அபராதம் போட்டவர் அவர். டெஸ்ட்டில் எனக்கு 25-க்கு 6. கணக்கு சார் பேப்பரைக் கொடுக்கும்போது, "ஸ்கைலாப் இங்கதாம்லே விழுந்திருக்கு" என்றார்.

இந்தக் கிளாஸ் சாரிடம்தான் என் மச்சம் வந்து மாட்டியது.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி உண்டு. ஆளுக்கு இரண்டு அடையாளம் எழுதியாக வேண்டும். அந்த ஜனவரி முதல் வாரத்தில் பாராளுமன்றத் தேர்தல். கிளாஸ் சார் வாக்குச்சாவடி வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். பொங்கல் லீவு முடிந்தும் அந்த வேகம் தணியவில்லை. "வரிசையா வா. பேரைச் சொல்லு. சட்டையைக் கழத்து. மச்சத்தைக் காட்டு. போய்க்கிட்டே இரு" என்று மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்பிள்ளைகளை மட்டும் ஓட்டுக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தையல் டீச்சர். உள்ளிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் வேலை எங்களைவிடச் சந்தோஷமாக நடந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் நாற்பத்து மூன்று பேர், சட்டையில்லாமல், தை மாசக் காற்றில். வயசுக்கு வந்த காலத்தில் மார்பெலும்பை ஊர் பார்க்கக் காட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது அதில் நின்றவனுக்குத்தான் தெரியும். சிலர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மார்பை அகலமாக்கி நின்றார்கள். முறை வருவதற்குள் மூச்சு முட்டிவிட்டது.

ஒருவனுக்கு முதுகில் மட்டும் பதினோரு மச்சம். சார் பேனாவால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஊருக்கே நீ ஒருத்தன் போதும். ரெண்டை எழுதிக்கிடுதேன், மிச்சத்தை நீயே வச்சுக்கோ" என்றார். அடுத்தவனுக்கு இருந்த ஒரே மச்சம் உள்ளங்காலில். "வேலைக்குப் போற எடத்துல காலைத் தூக்கியாலே காட்டப் போறே?" என்று கேட்டாலும், வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டார். இன்னொருவன் காதில் வந்து கிசுகிசுத்தான். சார் சற்று யோசித்து, 'இடுப்பு அருகில்' என்று நாகரிகமாக எழுதினார். அவன் பிற்பாடு போலீஸில் சேர்ந்தான் என்று கேள்வி. சேரும்போது எப்படி நிரூபித்தான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் முறை வந்தது. வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. புளியம்பழத்துக்கு எறிந்த கல் பழத்தை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்ததில் கிடைத்தது. அது ஒன்று ஆயிற்று. இரண்டாவதற்கு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அக்குளைத் தூக்கச் சொன்னார். ஒன்றுமில்லை.

"என்னலே, வெள்ளைத் தாள் மாதிரி இருக்கே? மச்சம் இல்லாம புத்தகத்தை எப்படி அனுப்புறது? புத்தகம் போகலேன்னா ஹால் டிக்கெட் வராது, தெரியும்லா?"

எனக்கு உள்ளே நடுங்கியது. படிக்காமல் ஃபெயில் ஆனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. மச்சம் இல்லாமல் ஃபெயில் ஆனவன் என்று வரலாற்றில் முதல் ஆளாக நான் நிற்கப்போகிறேன். வீட்டில் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? பெற்றவர்கள் மேலேயே அல்லவா பழி போகும்?

அந்தச் சமயத்தில் எனக்குப் பின்னால் நின்றவன் நேரம் போகாமல், என்னிடம் இரவல் வாங்கின பேனாவை எழுதிப் பார்க்க ஒரு உதறு உதறினான். அது அந்தக் காலத்து வழக்கம். எழுதாத பேனாவை உதறினால் மை இறங்கும். இறங்கின மை சாதாரணமாக முன்னால் இருப்பவன் சட்டை முதுகில் நட்சத்திரக் கூட்டமாக விழும். அன்று எவனும் சட்டை போட்டிருக்கவில்லை. ஒரே ஒரு சொட்டு என் இடது முன்கையில் விழுந்து, வியர்வையில் லேசாக இழுபடாமல், நல்ல மிளகு மாதிரி உருண்டையாக நின்றது. நாலு பேர் கடன் கலந்த என் சொந்தக் கரும் மை.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "இந்தா இருக்குல்லா, கையிலேயே! இதைக் காட்ட வாய்க்கு என்ன?"

சொல்லியிருக்கலாம். இரண்டு விநாடி இருந்தது. பின்னால் நின்றவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குள் அவர் அழகான சாய்வு எழுத்தில் எழுதிவிட்டார்: 'எ பிளாக் மோல் ஆன் தி லெஃப்ட் ஃபோர்ஆர்ம்'. ஈரம் காய ஒற்றுத்தாளையும் அழுத்திவிட்டார். மச்சத்தின் மேல் அல்ல, புத்தகத்தின் மேல்.

அன்று சாயங்காலம் கண்மாயில் குளித்தபோது என் அங்க அடையாளம் கரைந்து மீன்களோடு போய்விட்டது. தேர்தல் வேலைக்குப் போன மனிதர் அந்த விரல் மையில் கொஞ்சம் மிச்சம் கொண்டுவந்திருந்தால், பரீட்சை வரைக்குமாவது நின்றிருக்கும்.

பரீட்சை எழுதினேன். ஹாலில் எவரும் மச்சம் கேட்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று மாலைப் பத்திரிகை கோவில்பட்டி பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் இறங்குவதற்குள் பேப்பரைப் பிடுங்கி, நம்பர் நம்பராகத் தடவிப் பார்த்தோம். என் நம்பர் இருந்தது. அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, அச்சுப்பிழையாக இருக்கும் என்றான்.

1988-ல் அரசு வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்துப் பணிப்பதிவேட்டில் அப்படியே ஏற்றினார்கள். ஹெட்கிளார்க் புத்தகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். புருவத் தழும்பில் திருப்தியாகிவிட்டார். நான் மட்டும் அன்றே முடிவெடுத்தேன். முப்பத்தேழு வருஷம் முழுக்கைச் சட்டைதான். சித்திரை வெயிலிலும் பித்தான் அவிழ்த்ததில்லை. ஆபீசில் என்னைப் பெரிய டீசன்ட்டான ஆள் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறந்த தேதியும் பள்ளிக்கூடம் வைத்ததுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் 1965 ஜூன் 1 என்று எழுதிக்கொண்டாராம். அம்மா கணக்கில் நான் புரட்டாசி. ஒன்றாம் தேதி பிறந்தவன் முந்தின மாசக் கடைசியிலேயே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அரசு விதி. ஆகவே 2025 மே 31-ல், உண்மையில் அறுபது ஆவதற்கு நாலு மாசம் முன்பே, எனக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பென்ஷன் ஆபீசில் நேரில் வரச் சொன்னார்கள். அடையாளம் சரிபார்க்க வேண்டுமாம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. வீட்டம்மாவிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவள், என் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்காய்யா இத்தனை நாள் வேர்த்து வடிஞ்சீக?" என்றாள். காலையில் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஆகச் சின்னதாக ஒரு கருப்புப் பொட்டை எடுத்து, முன்கையில் அழுத்தி ஒட்டிவிட்டாள். நல்ல மிளகு மாதிரி இருந்தது.

அங்கே கவுன்ட்டரில் என் மகள் வயசுள்ள பெண். "அதெல்லாம் இப்ப மிஷின்தான் சார், விரலை வைங்க" என்றாள். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. முப்பத்தேழு வருஷம் ஃபைல் புரட்டியதில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறதாம்.

"வயசானவங்களுக்கு இப்படித்தான் சார் ஆகுது" என்றவள், என் கட்டைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "பரவால்ல சார். மச்சம் இருக்கே. லெஃப்ட் ஃபோர்ஆர்ம். கையைக் காட்டுங்க."

முப்பத்தேழு வருஷத்தில் முதல் முறையாக ஒரு அரசு அலுவலகத்தில் முழுக்கைச் சட்டையின் பித்தானை அவிழ்த்தேன். மெதுவாக மடித்து ஏற்றினேன். ஜூன் மாச வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததில் கையெல்லாம் வேர்வை.

பொட்டு சட்டைத்துணியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.